கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு மாதப் பாடம்: சிறு குழந்தைகளுக்குப் பட்டாம்பூச்சியைக் கற்றுக்கொடுக்கும் வழி

பாலர் வகுப்பில் பட்டாம்பூச்சிப் பாடம் பெரும்பாலும் சார்ட் பேப்பரில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். கத்தரித்த இரண்டு இறக்கை, நடுவே ஐஸ் குச்சி, மேலே கொஞ்சம் ஜிகினா. சுவரில் ஒட்டினால் அழகுதான். ஆனால் நான்கு இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கும், கால் ஒன்றுகூட இருக்காது, இறக்கை தலையிலிருந்து வால் வரை ஒட்டிக்கிடக்கும். பார்க்காத ஒன்றைக் குழந்தை வேறெப்படிச் செய்யும்?

அதனால் இங்கே வரிசை மாறுகிறது. முதலில் செடி, அடுத்து புழு, அதன் பிறகே பசையும் கத்தரிக்கோலும். குழந்தை என்ன பார்த்தது, எதைக் கவனிக்காமல் விட்டது என்பதைக் கைவேலை உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். மூன்று வயது முதல் எட்டு வயது வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். எந்த வயதுக்கு எதை மாற்ற வேண்டும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

எந்தப் பட்டாம்பூச்சி?

தமிழ்நாட்டுச் சமவெளியில் தொடங்குபவர்களுக்கு இரண்டே பெயர் போதும்: எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி. இரண்டும் கறிவேப்பிலைச் செடியில் முட்டையிடும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவையும் எலுமிச்சை அழகிக்கு ஏற்றவை. புழுவின் உடம்பில் அரிக்கும் முடி கிடையாது, கடிக்காது, கொட்டாது. முட்டையிலிருந்து பறப்பது வரை சமவெளி வெயிலில் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இன்னும் நீளும். மாடியில் ஒரு தொட்டி இருந்தாலும் தாய்ப்பூச்சி தேடி வந்துவிடும்.

எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியனின் புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு கண்ணைப் பறிக்கும். ஆனாலும் சிறு குழந்தைகளுக்கு அது வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கப்படும். இலையை ஒடித்த கையால் குழந்தை கண்ணைத் தேய்க்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. செடியிலேயே விட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லலாம்.

அடுத்த எச்சரிக்கை இன்னும் முக்கியம். முடி உள்ள எந்தப் புழுவையும் தொடக்கூடாது. முருங்கை மரத்தில் கூட்டம் கூட்டமாக அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சியின் முடி பட்டால் தோல் தடித்து அரிக்கும். நம் வீடுகளில் எல்லாப் புழுவையும் கம்பளிப்பூச்சி என்றே சொல்லிவிடுகிறோம். முதல் நாளே குழந்தைகளுக்கு இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்: முடிப் புழுவைப் பார்க்க மட்டும்தான், வழுவழுப் புழுவை பெரியவர் கூட இருந்தால் பிரஷால் தொடலாம்.

மாநில அரசு 2019-இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குரியது, உங்கள் தொட்டிக்கு வராது. ஆரஞ்சு நிற இறக்கை, கருத்த ஓரம் என்று படம் வரைந்து வண்ணம் தீட்ட வைத்துக்கொள்ளலாம். காட்டிலிருந்து முட்டையோ புழுவோ எடுத்து வரவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பல பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன.

செடியைத் தயார் செய்தல்

ஒரு அடிக்குக் குறைந்த செடி என்றால் மூன்று புழு சேர்ந்து மொட்டையடித்துவிடும். இரண்டு அடி உயரத்தில் இரண்டு தொட்டி வைத்திருங்கள். ஒன்று தீர்ந்தால் இன்னொன்று கைகொடுக்கும். நர்சரியில் வாங்கிய செடியில் மருந்து அடித்திருப்பார்கள். கொண்டுவந்த அன்றே இலைகளை நன்றாகக் கழுவி, மேல்நுனியைக் கிள்ளிவிட்டு, ஒரு மாதமாவது காத்திருங்கள். புதிதாக வந்த தளிரைத்தான் நம்பலாம்.

புழு வளர்ப்பில் முதல்முறை தோற்பவர்களில் பலர் சறுக்குவது இலை விஷயத்தில்தான். வீட்டு இலை தீர்ந்துவிட்டது என்று காய்கறிக் கடைக் கறிவேப்பிலையைப் போடுவார்கள். மறுநாள் காலை புழு துவண்டு, பச்சைத் தண்ணீராகக் கக்கிக் கிடக்கும். கழுவினால் நமக்கு ஒன்றும் செய்யாத அளவு மருந்துகூட அந்தச் சின்ன உடம்பைச் சாய்த்துவிடும். கடை இலையை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். அக்கம்பக்கத்தில் மருந்து அடிக்காத மரம் எது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்து தளிர் விட்ட இரண்டு வாரத்தில் முட்டை கிடைக்க வாய்ப்பு அதிகம். பள்ளிக்கு ஆடியிலிருந்து கார்த்திகை வரை வசதி. அரையாண்டுத் தேர்வுக்கு முன் முடிகிற மாதிரி கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேவைப்படும் மற்ற பொருள்கள்:

- அகன்ற வாயுள்ள பெரிய பிஸ்கட் ஜாடி அல்லது கண்ணாடி ஜாடி, ஒன்று
- பழைய மெல்லிய பருத்தித் துணி, ரப்பர் பேண்டு
- ஈ மொய்க்காமல் சாப்பாட்டை மூடும் வலை, விரித்தால் ஒரு அடி உயரம் நிற்பது
- மிருதுவான வாட்டர்கலர் பிரஷ்
- பெருக்குக் கண்ணாடி, கட்டம் போட்ட நோட்டு, வெள்ளைத் தாள்

முட்டை தேடுதல்

காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் விழும் செடியைப் பாருங்கள். தாய்ப்பூச்சி ஒரு இலையில் உட்கார்ந்து எழுந்து, அடுத்ததில் உட்கார்ந்து எழுந்து போகும். அது முன்னங்காலால் இலையைத் தட்டிச் சுவை பார்க்கிறது. சரியான செடிதான் என்று தெரிந்த பிறகு வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைக்கும். ஒரு இடத்தில் ஒன்றுதான், குவியலாக வைக்காது. இளந்தளிரின் நுனியிலும் அடியிலும் தேடுங்கள். வெளிர் மஞ்சளில், கடுகைவிடச் சிறியதாக உருண்டு இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு விளையாட்டு வையுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, துளசி, ஓமவல்லி ஆகிய நான்கு இலையையும் தனித்தனிக் கிண்ணத்தில் கசக்கி வையுங்கள். குழந்தையின் கண்ணைக் கட்டி, “நீதான் அம்மா பட்டாம்பூச்சி, உன் குட்டி எதைத் தின்னும்னு கண்டுபிடி” என்று சொல்லுங்கள். மூக்கு தேறியவர்கள் முதல் இரண்டையும் சரியாக எடுத்துவிடுவார்கள். ஒருவர் முடித்ததும் கசக்கிய இலையை மாற்றுங்கள், பத்து நிமிடத்தில் வாசம் மங்கிவிடும்.

முட்டையைப் பிய்த்து எடுக்காதீர்கள். அது இருக்கும் இலையைக் காம்போடு கிள்ளி ஜாடியில் வைக்கலாம். செடியிலேயே விட்டு, ஒட்டிய கிளை முழுவதையும் துணிப் பையால் மூடிக் கட்டுவது இன்னும் நல்லது. மூன்று முதல் ஐந்து நாளில் முட்டை கருத்து, புழு வெளியே வரும். முதல் சாப்பாடு முட்டை ஓடுதான். முட்டை முழுக்க அட்டைக்கரியாகி நாள்கணக்கில் அப்படியே இருந்தால், கண்ணுக்குத் தெரியாத சிறு குளவி அதற்குள் தன் முட்டையை வைத்திருக்கக்கூடும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரே காரணத்துக்காக நான்கு முட்டையோடு தொடங்குங்கள். ஒரு வகுப்புக்கு நான்குக்கு மேல் வேண்டாம், இலைக்கு எங்கே போவீர்கள்?

புழுவோடு மூன்று வாரம்

முதல் சில நாள் புழுவைப் பார்த்தவர்கள் “இது காக்கா எச்சம்” என்பார்கள். பழுப்பும் வெள்ளையுமாக அப்படித்தான் இருக்கும், பறவை ஏமாறத்தான் அந்த வேஷம். நான்காவது முறை தோலுரித்து ஐந்தாவது, அதாவது கடைசி, வளர்ச்சிப் பருவத்துக்கு வந்ததும் பளிச்சென்று பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீளும், கூடவே காட்டமான வாசனை. குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது, திரும்பத் திரும்பச் சீண்டுவார்கள். ஒரு முறை பெரியவர் பிரஷால் தொட்டுக் காட்டினால் போதும்.

அன்றாட வேலை இவ்வளவுதான்:

1. ஜாடியின் அடியில் வெள்ளைத் தாள் விரியுங்கள். காலையில் தாளை மாற்றுங்கள். எச்சம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்தால் புழு பிழைக்காது.
2. கிளையைச் சிறு மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றி நிறுத்துங்கள். புட்டியின் வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள். பஞ்சு வைக்க மறந்தால் புழு காம்பு வழியே இறங்கி மூழ்கும்.
3. புதுக் கிளையைப் பழைய கிளைக்குப் பக்கத்தில் உரசுமாறு வையுங்கள். புழு தானாக ஏறிக்கொள்ளும். விரலால் பிடித்து இழுத்தால் கால் பிய்ந்துபோகும்.
4. வாயைத் துணியால் மூடுங்கள். துளை போட்ட பிளாஸ்டிக் மூடி வேண்டாம். உள்ளே வியர்த்துவிடும்.
5. ஜன்னல் வெளிச்சம் போதும். நேர் வெயிலில் மூடிய ஜாடி பத்து நிமிடத்தில் அடுப்பாகிவிடும்.

ஒரு புழு தலையைத் தூக்கிக்கொண்டு, சாப்பிடாமல், ஒரு நாள் முழுக்க அசையாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். தோலுரிக்கப் போகிறது. அந்த நாளில் கிளையை அசைக்கவே கூடாது. கால் பிடிமானம் போனால் பழைய தோல் பாதியில் சிக்கிக்கொள்ளும். தோலுரித்து முடித்ததும் தாளில் உற்றுப் பாருங்கள். உரித்த தோலைப் புழு தின்றுவிட்டாலும், பழைய தலை ஓடு மட்டும் கழன்று விழுந்து கிடக்கும், எறும்புக்கு மாட்டிய முகமூடி மாதிரி. அதை டேப்பில் ஒட்டி நோட்டில் தேதி போட்டு வையுங்கள். நான்கு முறை உரித்தால் நான்கு தலை, வரிசையாகப் பெரிதாகிக்கொண்டே போகும். புழு வளர்வதைச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அளப்பதற்கு ஸ்கேல் சரிப்படாது. புழு நிற்காது, குழந்தை அமுக்கிவிடும். கட்டம் போட்ட தாளை ஜாடிக்கு வெளியே பிடித்து, புழுவின் நீளத்துக்குக் கோடு போடச் சொல்லுங்கள். பிறந்தபோது இரண்டு மூன்று மில்லிமீட்டர், முடிவில் நான்கு சென்டிமீட்டர் வரை வரும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கம்பளி நூலை அந்த நீளத்துக்கு வெட்டி, நாள்வாரியாகச் சார்ட்டில் தொங்கவிட்டால் போதும்.

தின்ற கணக்குக்கு ஒரு வழி உண்டு. மாலையில் ஒரு இலையைக் கட்டத் தாளில் வைத்துச் சுற்றி வரையுங்கள். காலையில் மிச்சமிருப்பதை அதே இடத்தில் வைத்து மறுபடி வரையுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணினால் அதுதான் ஒரு ராத்திரிச் சாப்பாடு. கடைசிப் பருவத்தில் இலையே மிஞ்சாது, அப்போது தாளில் விழுந்த எச்ச உருண்டைகளை எண்ணலாம். சிரித்துக்கொண்டே எண்ணுவார்கள், நூறுக்கு மேல் எண்ணத் தெரியாதவர்கள்கூட முயற்சி செய்வார்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

கூட்டுப்புழு: இங்கேதான் பலர் தவறாகக் கற்றுக்கொடுக்கிறார்கள்

“புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டும்” என்று சொல்லாதீர்கள். பட்டுப்புழு அப்படிச் செய்யும். பட்டாம்பூச்சிப் புழு கூடு எதுவும் கட்டுவதில்லை. அதன் தோலுக்கு உள்ளேயே அடுத்த உருவம் தயாராகிவிடுகிறது. தோல் கிழிந்து நழுவியதும் தெரிவதுதான் கூட்டுப்புழு. பட்டு இழை வேறு எதற்கு? வாலை ஒட்டிக்கொள்ளவும், இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு கட்டிக்கொள்ளவும். தென்னை ஏறுபவர் இடுப்பில் கயிறு கட்டிச் சாய்ந்து நிற்பதைப்போல, தலை மேலே பார்க்கச் சாய்ந்து நிற்கும். வெந்தய வரியனுடையது இப்படி இருக்காது, தலைகீழாகத் தொங்கும். படத்தில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

இந்தக் கட்டம் வரும் முன் இரண்டு அடையாளம் தெரியும். புழு சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஜாடி முழுக்க அலையும், மூடி இல்லையென்றால் அலமாரிக்குப் பின்னால் போய்விடும். அப்புறம், நீராக, தளர்வாகக் கழியும். நோய் என்று நினைத்து வெளியே வீசிவிடாதீர்கள். வயிற்றைச் சுத்தம் செய்துகொள்கிறது.

இப்போது உள்ளே இரண்டு குச்சி வையுங்கள். ஒன்று பச்சைக் கறிவேப்பிலைக் கொம்பு, மற்றொன்று காய்ந்து சொரசொரப்பான குச்சி. பச்சையில் உட்கார்ந்தால் கூட்டுப்புழு பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த சொரசொரப்பில் உட்கார்ந்தால் பழுப்பாகவும் அமையும். குழந்தைகள் முன்கூட்டியே பந்தயம் கட்டட்டும். சில நேரம் எதிராகவும் நடக்கும், அதையும் நோட்டில் எழுதுங்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். இடையில் கூட்டுப்புழு கழன்று விழுந்தால் கவலை இல்லை. கடலை மடிக்கிற மாதிரி காகிதத்தில் சிறு கூம்பு சுற்றி, தலைப்பக்கம் பாதி வெளியே தெரியும்படி உள்ளே நிறுத்தி, வலையின் பக்கச் சுவரில் ஊசி நூலால் தைத்துவிடுங்கள். வழவழப்பான தாள் வேண்டாம், செய்தித்தாள்தான் நல்லது. வெளியே வரும் பூச்சிக்குக் கால் பிடிக்க இடம் வேண்டும்.

ஒரு காலை கூட்டுப்புழுவில் குண்டூசித் துளை தெரிந்து, உள்ளிருந்து நுண்ணிய குளவிகள் கொத்தாக வெளியேறியிருக்கலாம். அல்லது ஒரு ஈயின் புழு நழுவி விழுந்திருக்கலாம். திறந்த செடியில் பெரிய புழுவாக எடுத்து வந்தால் இது அடிக்கடி நடக்கும். முட்டையிலிருந்தே மூடி வளர்த்தால் குறையும். குழந்தைகளிடம் மறைக்காதீர்கள். “இதைத் தின்றுதான் அந்தக் குளவிக்குட்டியும் வளர்ந்தது” என்று நேராகச் சொன்னால் நான்கு வயதுக் குழந்தைக்கும் புரியும். அழுகை பெரும்பாலும் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் வரும்.

வெளிவரும் நாள்

முந்தைய நாளே கூட்டுப்புழு கருக்கும். ஓட்டுக்குள் இறக்கையின் புள்ளிகள் தெரியும். அன்று மாலையே ஜாடியை விட்டு வலைக்கு மாற்றுங்கள். இறக்கை விரிய, கீழே குறைந்தது பத்து சென்டிமீட்டர் வெற்றிடம் வேண்டும். ஜாடிக்குள்ளேயே விட்டால் வழுக்கும் சுவரில் பிடி கிடைக்காமல் விழும், இறக்கை மடிந்தபடியே காய்ந்துவிடும், பிறகு நிமிராது.

பெரும்பாலும் காலைப் பொழுதில் வெளிவரும். ஈரத் துணியைப்போல் சுருங்கிய இறக்கை கால் மணி நேரத்தில் விரிந்துவிடும், பறக்க இன்னும் சில மணி நேரம் ஆகும். வால் வழியே சொட்டும் பழுப்புத் திரவத்தைப் பார்த்து யாராவது ரத்தம் என்று அலறுவார்கள். கூட்டுப்புழுக் காலத்தின் கழிவு அது. அந்த வேளையில் கைபட்டால் இறக்கை வீணாகிவிடும், எனவே இரண்டடி தள்ளி ஒரு சாக்பீஸ் கோடு போட்டு அதற்கு வெளியே உட்கார வையுங்கள்.

வந்தது யார் என்று இப்போதுதான் தெரியும். வால் இல்லாமல், கறுப்பில் வெளிர் மஞ்சள் புள்ளி சிதறி, பின்னிறக்கை ஓரத்தில் சிவப்புப் பொட்டு இருந்தால் எலுமிச்சை அழகி. பின்னிறக்கையில் வால் இருந்து, குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசை ஓடினால் கறிவேப்பிலை அழகி ஆண். அதன் பெண்ணில் ஒரு வகை, பறவை தின்னத் தயங்கும் ரோஜா அழகியின் சாயலில் இருக்கும்.

வெயில் வந்த பிறகு, மழை இல்லாத நேரத்தில், பூச்செடிக்குப் பக்கத்தில் வலையைத் திறந்துவிடுங்கள். மாலையாகிவிட்டால் மறுநாள் காலை வரை பொறுக்கலாம், ஒரு ராத்திரி சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது. இறக்கை மடிந்து பறக்க முடியாததை, ஒரு பங்கு சர்க்கரை பத்துப் பங்கு தண்ணீரில் நனைத்த பஞ்சின் மேல் வைத்துச் சில நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இனி கைவேலை

பசைக்கு 2 மேசைக்கரண்டி மைதாவை 1 டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே பளபளக்கும்வரை காய்ச்சுங்கள். சுடு தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்கத் துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் விரல் சூப்பும் வேலையில் சேர்க்கவே கூடாது. ஒரு நாளைக்கு மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

*வாழ்க்கைச் சுழற்சித் தட்டு.* பத்து அங்குலப் பாக்குமட்டைத் தட்டை ஸ்கெட்ச் பேனாவால் நான்காகப் பிரித்து, வலம் சுற்றும் அம்புக்குறி போடுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கறிவேப்பிலை. பச்சை இலையை ஒட்டினால் சுருண்டு கழன்றுவிடும், ஐந்து நாள் முன்பே செய்தித்தாளில் வைத்துப் புத்தகங்களை அடுக்கிக் காய வையுங்கள். முட்டைக்கு ஜவ்வரிசி. தட்டு முழுக்க ஜவ்வரிசி கொட்டுபவர் இலையில் முட்டையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம், செடிக்கு அழைத்துப் போய் மறுபடி காட்டுங்கள்.

புழுவுக்கு மாவு: 1 டம்ளர் மைதா, கால் டம்ளர் உப்பு, 1 தேக்கரண்டி எண்ணெய், கால் டம்ளருக்குச் சற்று மேல் தண்ணீர். பச்சைக்கு அரைத்த கீரைச் சாறு. ஆறு, ஏழு வயதுக்காரர்களுக்கு உண்மையான கணக்கு கொடுங்கள்: தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி உண்மைக் கால்கள், அவற்றுக்குச் சீரகம். நடுவில் நான்கு ஜோடி, கடைசியில் ஒரு ஜோடி என ஐந்து ஜோடிப் போலிக் கால்கள், அவற்றுக்குக் கடுகு. பட்டாம்பூச்சியான பின் மிஞ்சுவது அந்தச் சீரகக் கால் ஆறு மட்டும்தான். நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தானியமே வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். கசக்கிய காகித உருண்டை போதும்.

கூட்டுப்புழுவுக்குப் பச்சை அல்லது பழுப்புத் தாளைச் சுருட்டி, ஈர்க்குச்சியில் சாய்த்து, நடுவில் நூலால் ஒரு சுற்று. அந்த நூல் இல்லாமல் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பட்டாம்பூச்சிக்கு அதே மாவில் மூன்று உருண்டை: சிறு தலை, தடித்த மார்பு, நீண்ட வயிறு. நான்கு இறக்கையும் ஆறு காலும் நடு உருண்டையில் மட்டுமே குத்த வேண்டும். உணர்கொம்புக்குக் கிராம்பு இரண்டு. நுனி பருத்த அந்த வடிவம்தான் பட்டாம்பூச்சியின் அடையாளம், அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் இறகுபோலவோ நூல்போலவோ இருக்கும்.

*இறக்கை அச்சு.* தடித்த ஓவியத் தாளை முதலில் மடித்துத் திறந்துவிடுங்கள். ஒரு பாதியில் மட்டும் போஸ்டர் கலர், ஒரு நிறத்துக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். மடித்து, மடிப்பிலிருந்து ஓரத்தை நோக்கித் தேய்க்க வேண்டும். ஓரத்திலிருந்து தேய்த்தால் வண்ணம் நடுவில் குவிந்து சேறாகிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே வெட்டுங்கள். மடிப்பை வெட்டித் துண்டாக்குவது எல்லா வகுப்பிலும் நடக்கும், பென்சிலில் “வெட்டாதே” என்று அங்கே எழுதி வையுங்கள்.

*டிஷ்யூ இறக்கை.* கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வெள்ளை டிஷ்யூவின் நடுவில் தடித்த வட்டம் போட்டு, இங்க் ஃபில்லரால் மூன்று நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலமும் ஊதாவும் பிரிந்து ஓடும். பெர்மனென்ட் மார்க்கரில் இது நடக்காது, அந்த மை தண்ணீரில் கரையாது. காய்ந்ததும் நடுவில் துணி மாட்டும் கிளிப்பால் கவ்வுங்கள். இதைச் செய்துவிட்டு “இறக்கையிலும் இப்படித்தான் வண்ணம் இருக்கும்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தரையில் செத்துக்கிடக்கும் பூச்சியின் இறக்கையில் செல்லோ டேப்பை ஒரு முறை ஒட்டி எடுங்கள். வண்ணம் பொடியாக டேப்போடு வந்துவிடும், இறக்கையில் கண்ணாடி போன்ற இடம் மிஞ்சும். அந்தப் பொடி ஒவ்வொன்றும் ஒரு செதில். கைப் பெருக்குக் கண்ணாடியில் தூளாகத்தான் தெரியும், காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப் இருந்தால் ஓடு வேய்ந்த கூரையைப்போல் அடுக்கடுக்காகத் தெரியும். உயிருள்ள பட்டாம்பூச்சியை இறக்கையில் பிடித்தால் விரலில் ஒட்டுவதும் அதுதான்.

*உறிஞ்சுகுழல்.* ஒரு விரல் அகலத் தாள்பட்டையைப் பென்சிலில் இறுகச் சுற்றி விட்டால் சுருள் வந்துவிடும், மாவுத் தலையில் செருகிவிடலாம். அதற்கு முன் எல்லாரையும் இட்லிப்பூச் செடிக்குக் கூட்டிப்போய், பூவின் நடுநரம்பை மெல்ல உருவி நுனியில் நிற்கும் தேன் சொட்டைக் காட்டுங்கள். மருந்தடிக்காத செடி என்று உறுதியாகத் தெரிந்தால் நாக்கில் வைக்கலாம். இவ்வளவு ஒல்லியான குழாய்க்குள் தேன் இருந்தால் வாய் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் அவர்களே சொல்வார்கள்.

புழு கிடைக்காவிட்டால்

மூன்று தட்டில் மணல் நிரப்பி வெயில் படும் தரையில் வையுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்த தண்ணீர், ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருங்கள். ஆண் பட்டாம்பூச்சிகள் உப்புச் சத்துக்காக ஈரமண்ணில் கூடும் பழக்கம் உள்ளவை. எந்தத் தட்டில் எத்தனை என்று ஒரு வாரம் கோடு போட்டால் அதுவே ஒரு சோதனை. நாலாவதாக நன்றாகக் கனிந்து கறுத்த வாழைப்பழத்தைப் பிசைந்து நிழலில் வைத்தால், பூவுக்கே போகாத பழுப்பு நிறப் பட்டாம்பூச்சிகள் வரும். எறும்பு முந்திக்கொள்ளாமல் இருக்க, தட்டைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் வையுங்கள்.

திருச்சிப் பக்கம் இருப்பவர்கள் ஸ்ரீரங்கம் மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாம். செடியில் முட்டை தேடிய பழக்கம் உள்ள குழந்தை அங்கே பூவைப் பார்க்காது, இலையைத் திருப்பிப் பார்க்கும்.

மொட்டையான கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். நுனியை இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, புளித்த மோரோ மட்கிய சாணமோ கொஞ்சம் ஊற்றி வெயிலில் வையுங்கள். சில வாரத்தில் தளிர் வரும், தளிர் வந்தால் முட்டையும் வரும். பக்கத்தில் தேனுக்கு இட்லிப்பூவும் சீமை நாயுருவியும் வைக்கலாம். உண்ணிச்செடிக்குப் பட்டாம்பூச்சி நிறைய வரும் என்பது உண்மைதான், ஆனால் அது காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் அயல் களை, புதிதாக நடாதீர்கள். கிலுகிலுப்பைக்கு வரியன்கள் தேடி வரும். அதன் விதை நச்சு என்பதால் குழந்தைகளின் கைக்கு எட்டாத வேலியோரத்தில் வையுங்கள்.